ரெண்டு தடவை சாரின் கிரேன்

என் வீட்டுக்காரர் பாலை மோந்து பார்க்காமல் டீ போட விடமாட்டார். காலையில் வந்த பால், கடைக்காரர் நல்ல மனிதர், நானே ஒருமுறை மோந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. அவர் மூக்கு தனி நீதிமன்றம். வெளியே கிளம்பும்போது நான் கதவைப் பூட்டுவேன், அவர் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கிய பிறகு மறுபடி ஏறிப்போய் இன்னொரு தடவை இழுப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு தடவை சார்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் இதெல்லாம் என்மேல் உள்ள சந்தேகம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, என்மேல் தனியாக ஒன்றும் இல்லை, உலகத்தின்மேலேயே சந்தேகம். மளிகைக் கடைத் தராசு, பஸ்ஸின் பிரேக், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பு என்று எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். அந்த வகையில் பாரபட்சம் பார்க்காத மனிதர். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். "தெரியுதா?" என்று கேட்பேன், "தெரியுது" என்றால் நம்பி அனுப்பிவிடுவேன். எங்கள் இருவருக்கும் எப்படித்தான் ஒத்துப்போகிறது என்று என் தங்கை அடிக்கடி கேட்பாள்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கூடைப்பந்து அரங்கம் கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்ததாம். ஆனால் முதல் ஆட்டத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குப் பந்து தெரிந்தது, கூடை தெரியவில்லை. கூரையின் உத்தரம் மறைத்தது. அந்த வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா இவரையே கூப்பிட்டு, எங்கேப்பா போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து எந்தக் கணக்காவது முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டால் இவர் மறுபடி முதலிலிருந்து போடுவார்.

அதனால்தான் சிமுலேஷன் வேலைக்குப் போனார். அதாவது, பெரிய விளையாட்டரங்கங்களை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினியில் ஒரு தடவை கட்டிப் பார்ப்பது. கணினிக்குள் தப்பு செய்தால் சிமெண்ட் வீணாகாது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஓட்டுவார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு மைதானம் இருக்கும். லாரிகள் எறும்பு மாதிரி வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு கான்கிரீட் படியைச் சுமந்து வர, மஞ்சள் கிரேன் அதைத் தூக்கிக் கேலரியில் வைக்கும். நடுவில் மழை பெய்யும், லாரி தாமதமாகும், ஆள் வரமாட்டான். எது எப்போது என்பதைக் கணினியே பகடை உருட்டி முடிவு செய்யும். நான் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் அங்கே ஒரு வருஷத்து வேலை முடிந்துவிடும். கிரேனை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் தொடங்குவது, லாரியை எந்த வாசலில் திருப்புவது என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, எதில் செலவு குறைவோ அந்தத் திட்டத்தை எடுத்துக் கொடுக்கும்.

அந்த சிமுலேஷன் முழுக்க அவர் கையால் எழுதியது. சின்னவள் வரும்வரை வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை.

சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தது நான்தான். படிப்பு முடித்த கையோடு அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பெண். பயிற்சிக் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். வேலை முடியாத வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். சந்தேகம் என்பதே தெரியாத பிறவி. இவர் எதைச் சொன்னாலும், "சரி சார்." ஒருநாள் இவர் பாலை மோந்துகொண்டிருந்தபோது டம்ளரை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

"சார் குடிச்சா நானும் குடிப்பேன் அக்கா. எனக்கு வேற சோதனை வேண்டாம்."

இவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பெற்ற பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு என்று வழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெரிய விளையாட்டரங்கத்துக்கு டெண்டர் வந்தது. வட்டமாகக் கேலரி, நடுவில் புல்தரை. இவர் கம்பெனிக்குக் கொஞ்ச நாளாகச் சரியான வேலை இல்லை, எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று மேலாளர் ஒற்றைக்காலில் நின்றார். வழக்கமாக இந்த மாதிரி வேலையில் கிரேன் அரங்கத்துக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து எட்ட வேண்டுமானால் நீளமான கை வேண்டும், நீளமான கை என்றால் பெரிய கிரேன், பெரிய கிரேன் என்றால் வாடகை யானை விலை. சின்னவள், கிரேனை நடுவில் நிறுத்தினால் என்ன என்று கேட்டாள். நடுவில் நின்றால் எல்லாப் பக்கமும் கிட்டம்தானே, சின்ன கிரேனே போதுமே என்றாள். ஓட்டிப் பார் என்றார் இவர். அவள் ஓட்டினாள். மொத்தச் செலவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

மேலாளர் அலுவலகத்துக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இவர் தன் பங்கைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ குறையாது," என்றார். "யாரோ கை வச்சிருக்காங்க."

அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடுத்த நாளிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தார். போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசுகிறாள், யாரிடம்? இவர் அறைக்குள் நுழைந்தால் திரையை மாற்றுகிறாள், ஏன்? (எல்லா இளசுகளும் மேலதிகாரி வந்தால் திரையை மாற்றும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.) கடைசியில் ஒருநாள் போட்டிக் கம்பெனியின் காரிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் அக்கா வீட்டுக்காரர் அங்கே டிரைவர், அவளை வளர்த்ததே அவர்கள்தான், போகிற வழியில் இறக்கிவிட்டிருப்பார் என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன், உறவே அங்கே இருக்கிறது என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று. வாடகைக் கணக்கை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறாள், அதை நம்பி இவர்கள் குறைந்த விலை சொல்வார்கள், வேலையை எடுத்துவிட்டு நடுவழியில் கம்பெனி மூழ்கும், போட்டிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். முழுக் கதையும் அவர் மனதில் தயாராக இருந்தது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மேலாளரிடம் போய்ச் சொன்னார்.

மேலாளர் அன்றே அவள் கணினியைப் பிடுங்கிவிட்டார். தரை ஓடு மாதிரிகளை அடுக்கி வைக்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாதக் கடைசியில் அவள் பயிற்சிக் காலம் முடிகிறது. அதற்குள் இவர் அவளுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொன்னால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அதுவும் சும்மா அனுப்பமாட்டார்கள், கம்பெனிக் கணக்கில் கை வைத்தவள் என்ற பேரோடு அனுப்புவார்கள். அந்தப் பேரோடு இந்தத் தொழிலில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது?

இதெல்லாம் அவள் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் லென்ஸ் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அத்தானையும் அவர் கம்பெனியில் கூப்பிட்டு ஏதோ கேட்டிருக்கிறார்களாம். பேச்சு எப்படியோ அங்கேயும் போயிருக்கிறது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"சார் என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம் அக்கா," என்றாள். "எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்க்கறவர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே மூன்று தட்டு வைத்தேன். இவர் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார்.

இதற்கிடையில் இவர் அவள் செய்த திருட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வாடகைக் கணக்கைப் பார்த்தார், சரியாக இருந்தது. கூலிக் கணக்கு, லாரி ஓடும் நேரம், மழை நாட்கள் என்று எல்லாமே அவர் கொடுத்தபடியே இருந்தன. ஒரு புள்ளி மாறவில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர் என்ன சொன்னார் தெரியுமா? தடயமே விடவில்லையென்றால் கைதேர்ந்த கை என்றார். நான் கரண்டியைப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

டெண்டர் கொடுக்க வேண்டிய நாளும் மாதக் கடைசியும் சேர்ந்தே நெருங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எண்களை விட்டுவிட்டு, ஓட்டத்தையே பார்ப்பது என்று முடிவு செய்தார். வழக்கமாக வேகமாக ஓடுவதை மிக மெதுவாக ஓடவிட்டு, திருடனுக்குக் காவல் இருப்பவர் மாதிரி திரையின் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் கிரேன் நடுவில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றிப் படிகளை வைத்தது. கேலரி ஒரு பக்கமிருந்து வளர்ந்து வளர்ந்து வட்டமாக வந்தது. கடைசிப் படியும் பொருந்தியது. வட்டம் மூடிக்கொண்டது. அரங்கம் அழகாக, காலியாக நின்றது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினார். பிறகு இன்னொரு தடவை.

"கிரேன் எங்க போச்சு?" என்றார்.

"வேலை முடிஞ்சுது, போயிடுச்சு," என்றேன். நான் எத்தனையோ ஞாயிறுகளில் அது மறைவதைப் பார்த்திருக்கிறேன். நாடகத்தில் வேஷம் முடிந்த ஆள் உள்ளே போவது போல என்று நினைத்திருந்தேன்.

"எந்த வழியா?"

நான் திரையைப் பார்த்தேன். சுற்றிலும் கேலரி. மாடி உயரத்துக்குக் கான்கிரீட். ஆட்கள் நடந்துபோகத்தான் வாசல் இருந்தது, ஒரு கார்கூட அதில் நுழையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு முழு கிரேனையே அரங்கத்துக்குள் வைத்து மூடிவிட்டு, செலவு மிச்சம் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்த ஆட்களை அப்போதுதான் பார்த்தேன். உண்மையில் கட்டியிருந்தால் கிரேனை வெளியே எடுக்கக் கட்டிய கேலரியை இடிக்க வேண்டியிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. சிமுலேஷனுக்குள்ளே போய்த் தேடினார். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்த கிரேனை உடனே கணக்கிலிருந்து நீக்கிவிடு என்று ஒரு வரி இருந்தது. அது அவரே எழுதிய வரி. சின்னவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஏதோ ஒரு கிடங்கு கட்டும் வேலைக்காக எழுதியது. அங்கே கிரேன் வெட்டவெளியில் நின்றது, எந்தப் பக்கமும் போகலாம், அதனால் போகும் வழியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பிறகு கட்டிய அரங்கங்களிலும் கிரேன் வெளியேதான் நின்றது. அந்த வரி அப்படியே தங்கிவிட்டது. முதல் தடவையாகக் கிரேனை உள்ளே கொண்டுபோனது அவள்தான். வெளியே வரும் வழியை மற்ற எல்லாவற்றையும் போல சார் பார்த்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். அதற்குள் அவர் வாயைத் திறந்தார்.

"அவளுக்குத் தெரிஞ்சே விட்டிருப்பாளோ?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"ஊரு உலகத்துல உங்களைச் சந்தேகப்படாத ஒரே ஆளு அவ. நீங்க எழுதினதை அப்படியே நம்பினா. அந்த ஒரு தப்புக்குத்தான் அவளை ஓடு அடுக்கற ரூம்ல உட்கார வச்சிருக்கீங்க."

அவர் லேப்டாப்பை மூடினார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்து, மூன்றாவது தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேலாளரிடம் போனார். அங்கே நடந்ததை அவர் எனக்கு இரண்டு விதமாகச் சொல்லவில்லை, அதனால் நம்புகிறேன். மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாராம். நல்லவேளை டெண்டர் கொடுப்பதற்கு முன்னால் பிடித்தீர்கள் என்றாராம். கிரேன் வெளியே வர ஒரு பக்கம் கேலரியைத் திறந்து வைத்து, அந்த இடைவெளியை மட்டும் கடைசியில் வெளியிலிருந்து மூடினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். அதையும் இவர் ஓட்டிப் பார்த்துத்தான் போயிருந்தார். மிச்சம் முன்பு சொன்ன அளவு இல்லை, ஆனால் பழைய முறையைவிட அப்போதும் செலவு குறைவுதான். அவள் யோசனை நல்ல யோசனையே. மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு குரலைத் தாழ்த்தியிருக்கிறார். தப்பு இவருடையது என்று வெளியே தெரிய வேண்டாம், இவர் பேருக்காகத்தான் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், அந்தப் பெண் புதுசு, எப்படியும் மாதக் கடைசியில் போகப்போகிறாள், தப்பு அவளுடையதாகவே இருக்கட்டும்.

நான் கேட்டேன், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தும் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

தப்பு என்னுடையது, அவள்மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னாராம். மேலாளர் சரி சரி, நான் பார்த்துக்கொள்கிறேன், அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்திருக்கிறார். அந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரரின் பிறவிக் குணம் ஒரு தடவையாவது நல்லதுக்கு உதவியது. இந்த ஆள் சொல்லமாட்டான் என்று இவருக்குச் சந்தேகம். நாற்காலியை விட்டு எழவே இல்லை. அவளையும் அந்தப் பிரிவில் இருக்கிற எல்லாரையும் உள்ளே கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன் என்றாராம். கூப்பிட்டார்கள். அவள் கையில் ஓட்டுத் தூசியோடு வந்து நின்றிருக்கிறாள். எல்லார் முன்னாலும் கிரேன் மறைவதை ஓட்டிக் காட்டி, அந்த வரியைக் காட்டி, இது நான் எழுதியது என்று இன்னொரு தடவை சொன்னார். அவள் அத்தான் கம்பெனிக்கும் மேலாளரை அங்கேயே போன் செய்ய வைத்து, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. டெண்டரும் கிடைத்தது. கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

திருத்திய சிமுலேஷனை அவளிடம் கொடுத்த அன்று இவர், இனிமேல் சரியாக இருக்கும், ஓட்டிக்கோ என்றிருக்கிறார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க சார். நான் நின்னு பார்க்கறேன்."

மரியாதையாகத்தான் சொன்னாளாம். இவர் ஓட்ட, அவள் பின்னால் நின்று, ஒவ்வொரு கிரேனும் ஒவ்வொரு லாரியும் வாசலைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்கினாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன பிறகு இவர் சொன்னார், "நல்ல எஞ்சினியர் ஆயிட்டா." யாரோ செத்துப்போனதைச் சொல்வது போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை. நான் போன் செய்தால் அன்பாகப் பேசுவாள், இந்த வாரம் வேலை இருக்கிறது அக்கா என்பாள். மூன்றாவது தட்டை ஒருநாள் நானே அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

வீட்டிலும் ஒரு மாற்றம். வெளியே கிளம்பும்போது இப்போது அவர்தான் கதவைப் பூட்டுகிறார். பூட்டிவிட்டு என்னைப் பார்த்து, "நீ இழுத்துப் பாரு, நான் பூட்டினது," என்கிறார். நான் இழுத்துப் பார்த்துச் சொன்னால் படி இறங்கிவிடுகிறார், திரும்ப ஏறுவதில்லை.

அரங்கம் வளர்ந்தது. கணினியில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது, அழுக்காகவும் இருந்தது. கிரேன் வெளியே வரும் நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலிக்கு வெளியே, லாரி போகும் கேட்டுக்குப் பக்கத்தில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு நின்றோம். கேலரி வட்டத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம் சின்னவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டு வந்து, "அக்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் இருந்த பக்கம் வராமல் எனக்கு இந்தப் பக்கம் நின்றாள். நடுவில் நான்.

மஞ்சள் கிரேன் கையை மடக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் சைகை காட்ட, மெதுவாக நகர்ந்தது. இடைவெளிக்குள் நுழைந்தது. கான்கிரீட்டை உரசாமல் இந்தப் பக்கம் வந்து வெயிலில் நின்றது. வேலையாட்கள் கைதட்டினார்கள்.

இவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, அவளிடம் கேட்டார். பல மாதங்களில் அலுவலகத்துக்கு வெளியே அவளிடம் கேட்ட முதல் வார்த்தை அதுதான். குரல் தயங்கியது.

"வெளிய வந்துடுச்சு, இல்லியாம்மா?"

அவள் கிரேனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க சார். கேட்டைத் தாண்டட்டும்."

அவர் தலையாட்டினார். கைதட்டிய ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் கேட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தோம்.